கோதுக்குள் ரோச் அடித்தவன்

சுட்டு முடிந்ததும் இவர்கள் குனிந்து வெற்றுத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்குவார்கள். கழுவி, சமையலறைத் துவாயில் காயவிட்டு, திரும்பவும் வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். ஒஸ்லோவில் அந்தப் பிஸ்டல் கிளப்புக்குப் போன முதல்நாள் இதைப் பார்த்து நான் மட்டும் குனியாமல் நின்றேன். ஊரில் ஆமி சுட்டுக்கொண்டு போனபின், முற்றத்தில் கிடக்கும் கோதுகளை அம்மா ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கிணற்றுக்குள் போடுவார். சுற்றிவளைப்பில் ஒரு கோது அகப்பட்டாலே போதும், வீட்டில் ஒரு பொடியனும் மிஞ்சமாட்டான்.

என்னைக் கூட்டிப்போனவன் ஆர்னே. பஸ் திருத்தும் பட்டறையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவன். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன், இஞ்சை காசு குடுத்துத் துவக்குப் பிடிக்கப் போறீங்களோ?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நாட்டில் ஒருவன் வேலை முடிந்தபின் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. அதற்காகத்தான் போனேன்.

அவன் வீட்டு நிலவறையில் அவன் மருந்து ஊற்றுவான்; நான் ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோச் லைற் அடித்துப் பார்ப்பேன். அது வேகமாய் எரியும் மருந்து. கோதின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தவறி இரண்டுதரம் ஊற்றினாலும் வெளியே வழியாது. சுடும்போது பிஸ்டலே வெடிக்கும். ஆகவே மேசையில் ஒரேயொரு மருந்துப் போத்தல். ஊற்றும்போது கதை இல்லை. சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். சட்டமெல்லாம் அவனே போட்டது. பயந்து வளர்ந்த எனக்கு அவை நன்றாகப் பிடித்துக்கொண்டன.

ஒரு சனிக்கிழமை, பாதியில் அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. கதைத்துவிட்டு வந்து, விட்ட இடம் என்று தான் நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தான். நான் ரோச் அடித்தேன். ஒரு கோதுக்குள் மருந்து உயர்ந்து நின்றது.

"எல்லாத்தையும் கொட்டு" என்றேன்.

"ஸ்லாப் ஆவ்" என்று சிரித்தான். பதறாதே என்று அர்த்தம். அந்த ஒன்றை மட்டும் கொட்டினான். மிச்சத்தை நான் பார்க்கமுன் கோதுகள் நின்ற தட்டைத் தன்பக்கம் இழுத்துக் குண்டுகளை வைத்து இறுக்கத் தொடங்கினான். இவற்றை நான் சுடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவனுடைய பிஸ்டல் கையிலேயே வெடித்தது. பெருவிரலுக்குத் தையல் போட்டார்கள். கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கிளப்பில் விசாரித்தபோது, கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி ஆர்னே சொன்னான்: "கோதுகளைப் பார்ப்பது இவன் வேலை."

முழுப்பொய் என்றும் சொல்லமுடியாது. அதுதான் நெஞ்சை அறுக்கிறது. நடந்ததை நான் சொன்னேன். கிளப் தலைவர் கனிவாகக் கேட்டுவிட்டு, "உன்மேல் யாருக்கும் கோபமில்லை. உங்கள் போரில் வெடிமருந்தோடு பழகிய விதம் வேறாக இருந்திருக்கும்" என்றார்.

"நான் அங்கே ஒரு துவக்கையும் தொட்டதில்லை."

"கதைக்கக் கஷ்டமென்றால் பரவாயில்லை" என்று என் தோளைத் தட்டினார். ஆர்னேவுக்கு என் கதை முழுக்கத் தெரியும். தன் கைக்கட்டின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை எனக்கும் சேர்த்துக் கோப்பி கொண்டுவந்தான். "உனக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்பா காலத்துக் கிளப். என்னை வெளியேற்றினால் நான் எங்கே போவேன்?" என்றான். எனக்கு மட்டும் போக இடம் குவிந்து கிடக்கிறதாக்கும்! துரோகி என்று தமிழில் சொல்லிவிட்டு, கோப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். திரும்பவும் கிளப் பக்கம் போகவில்லை.

மனைவி என் ஜாக்கெட்டைத் தோய்க்க எடுத்தபோது பையிலிருந்து ஒரு வெற்றுக்கோது விழுந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கையெண்டால் கிணத்துக்குள்ள போட்டிருப்பம். இஞ்சை எங்கை போடுறது?"

நான் கோதை வாங்கி வைத்துக்கொண்டேன். ஜாக்கெட் காய்ந்ததும் அதை அதே பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.