ஆல்மர் துரை பிடிக்காத பந்து

ரெக்ஸம் நகரத்துக்குத் தெற்கே செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்த அந்த மேட்டில் ஏனோக் பெல்லிஸுக்கு இரண்டு வேலைகள். வாரம் முழுக்க மண் பிசையும் வேலை. சனிக்கிழமை மதியம் ஊர் அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் வேலை. முதல் வேலை அவனுடைய இடக்கையில் இரண்டு விரல்களைத் தின்றிருந்தது. இரண்டாவது வேலைக்கு மிச்சமிருந்த எட்டு விரல்களே அவனுக்குப் போதுமாயிருந்தன.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் வசந்த காலத்தில் ஒன்றோடொன்று மோதும் கால்பந்துப் போட்டி அப்போதுதான் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வேல்ஸ் அணியைப் பொறுக்குகிறவர்கள் வக்கீல்களும் பண்ணைக்காரர்களும். சுரங்கத்து ஆட்கள் சிலரை வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொள்வார்கள். கோல்கீப்பர் இடம் மட்டும் பெர்சி ஆல்மருக்கே போகும். முந்நூறு ஏக்கர் நிலமும் வேட்டை நாய்களும் உள்ள வீட்டுப் பிள்ளை. அந்த வருஷம் அயர்லாந்தோடு பெல்ஃபாஸ்டில் ஆட்டம். ஏனோக்கையும் கூப்பிட்டார்கள், மூட்டை தூக்க. சட்டைகளும் பூட்ஸுகளும் நிறைந்த இரண்டு பெரிய பைகள். பெல்ஃபாஸ்டைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

லிவர்பூல் துறைமுகத்தில் தலை எண்ணினால் பத்துப் பேர்தான். ஆல்மரிடமிருந்து தந்தி வந்தது: சளி, வர இயலாது. கடல் கொந்தளிப்பாக இருந்தது. சளி எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் புரிந்தது.

வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் வாரிங் மீசையை நீவிக்கொண்டே ஏனோக்கைப் பார்த்தார்.

"நீ கோல்ல நிப்பியாமே?"

"ஊர்ல நிப்பேங்க."

"சரி, நாளைக்கு நில்லு. பேர்ப் பட்டியல் முன்னாடியே அங்க போயிடுச்சு. ஆல்மர் பேர்லயே நின்னுடு. திரும்பி வந்ததும் நான் திருத்திடறேன்."

ஏனோக் தலையாட்டினான். அன்றைக்கு அவன் காதில் விழுந்தது 'நில்லு' என்ற ஒரே சொல்தான்.

பெல்ஃபாஸ்டில் மழை. மைதானம் சேறு. வேல்ஸ் இரண்டு கோல் போட்டது, அயர்லாந்து ஒன்று. கடைசி அரை மணி நேரம் ஐரிஷ்காரர்கள் வேல்ஸ் பக்கமே குடியிருந்தார்கள். அவர்களில் ஹியூ மகில்ராய் என்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி, எருது மாதிரி ஆள், ஐந்து முறை அடித்தான். ஐந்தாவது பந்து மூலையைப் பார்த்து வந்தது. ஏனோக் பக்கவாட்டில் பாய்ந்து மூன்று விரல் கையால் அதைத் தட்டிவிட்டு முகம் குப்புறச் சேற்றில் விழுந்தான். கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் மகில்ராய்தான். அந்தக் கையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அடப்பாவி! அந்த ரெண்டு விரலும் இருந்திருந்தா எங்களை ஆடவே விட்டிருக்க மாட்டே போலிருக்கே! உன் பேரென்னடா?"

"பெல்லிஸ். ஏனோக் பெல்லிஸ்."

ஜெயித்துவிட்டார்கள். திரும்பி வரும் கப்பலில் ஏனோக் வாந்தி எடுத்துக்கொண்டே சிரித்தான்.

திங்கட்கிழமை பத்திரிகை வந்தது. 'திரு. பெர்சி ஆல்மரின் புலிப்பாய்ச்சல் வேல்ஸைக் காத்தது' என்று அரைப் பத்தி. சூளையில் அவன் காலடி வைத்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"வாங்க ஆல்மர் துரை! இன்னிக்கி வேட்டைக்குப் போகலையா? மண்ணு மிதிக்க வந்துட்டீங்க?"

ஏனோக் அந்த வாரமே வாரிங்கின் வக்கீல் அலுவலகத்துக்குப் போனான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்ற பிறகு உள்ளே விட்டார்கள்.

"ஜெயிச்சது வேல்ஸ்தானேப்பா? ஒரு பேருக்குப் போயி இவ்வளவு சண்டையா?"

"அப்ப வாசல்ல இருக்கிற பித்தளைப் பலகையில என் பேரைப் போட்டுக்குங்க. வக்கீல் வேலையை நீங்களே பாருங்க. பேர்தானே?"

வாரிங்கின் முகம் மாறியது. "வாய் நீளுது. மூட்டை தூக்க வந்தவன் மூட்டையோட நிக்கணும்."

கூட ஆடிய சுரங்கத்து ஆட்கள் இருவரிடம் ஏனோக் சாட்சி சொல்லக் கேட்டான். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "நாங்க சொன்னா அடுத்த தடவை எங்களைக் கூப்பிட மாட்டாங்கப்பா," என்றார்கள். ஆல்மர் சூடிக்கொண்ட பொய்யை அவன் பொறுத்திருப்பான். தோளோடு தோள் நின்றவர்களின் இந்த மௌனத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

அவன் மனைவி கெசையா சலவைத் துணியைப் பிழிவதுபோல வார்த்தையைப் பிழிகிறவள். "ஏன்யா, நம்ம ஆளுக வாயில கொழுக்கட்டைன்னா எதிராளிக்கு வாய் இல்லையா? அந்த ஐரிஷ்காரன் உன் கையைப் பிடிச்சுத் தூக்கினான்ல? அவனுக்கு எழுது."

எழுதினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

அந்த ஊரில் அபூர்வமாகச் சித்திரை வெயில் மாதிரி வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, நகர மண்டபத்தில் வெற்றி பெற்ற அணிக்குத் தேநீர் விருந்து. யாரும் வரலாம். ஆல்மருக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார்கள். அவன் வெள்ளைக் கையுறை போட்ட கையால் வாங்கி, "அந்தக் கடைசிப் பந்து கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது," என்று கூச்சமில்லாமல் சொன்னான். கைதட்டல்.

பின் வரிசையில் ஏனோக் எழுந்து கடிதத்தைப் பிரித்தான். கெசையா அவன் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக்கொண்டு நடுவழியில் வந்து நின்றாள்.

"பெல்ஃபாஸ்ட்டுலேருந்து லெட்டர் வந்திருக்கு. அஞ்சு ஐரிஷ்காரங்க கையெழுத்து. படிக்கிறேன், கேளுங்க."

"அம்மா, உட்காருங்க," என்றார் வாரிங்.

"நின்னுக்கிட்டேதான் படிப்பேன்." அவள் படித்தாள். "'எங்கள் பந்தைத் தடுத்த ஆளுக்கு இடக்கையில் இரண்டு விரல் கிடையாது. அந்தக் கையை நானே பிடித்துத் தூக்கினேன். அவன் பெயர் பெல்லிஸ் என்றான். இதைத் தேவாலயத்திலும் சத்தியம் செய்வேன். ஹியூ மகில்ராய்.'"

கெசையா கடிதத்தை மடித்துக்கொண்டு ஆல்மர் பக்கம் திரும்பினாள்.

"ஆல்மர் துரை, அந்தக் கையுறையைக் கொஞ்சம் கழட்டுங்க. எண்ணிப் பாத்துடலாம்."

ஆல்மர் வாரிங்கைப் பார்த்தான். வாரிங் மேஜை விரிப்பைப் பார்த்தார். சூளைக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்: "கழட்டு துரை! சளி பிடிச்சிடும்னு பயமா?" மண்டபமே சிரித்தது. முதல் வரிசைச் சீமாட்டிகள்கூட விசிறிக்குப் பின்னால் சிரித்தார்கள். ஆல்மர் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பக்கக் கதவு வழியே போனான். சுரங்கத்து ஆட்கள் இருவரும் அப்போதுதான் எழுந்து, "ஆமா, நின்னது ஏனோக்தான்," என்றார்கள். கெசையா அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சங்கம் அசையவில்லை. ஆட்டக்காரர்களின் பெயர் போடும் ஆண்டுப் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். பெயரை மாற்றினால் பொய்ப் பெயரில் ஆள் நிறுத்தியதை ஒப்புக்கொண்டதாகுமாம், ஜெயித்த ஆட்டமே பறிபோகுமாம். வாரிங் வெள்ளிக் கிண்ணத்தை ஏனோக் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதில் ஆல்மர் என்று பொறித்திருந்தது. கெசையா அதைக் கொண்டுவந்த ஆளின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "வாரிங்கை இதுல வாய் கொப்பளிக்கச் சொல்லு," என்றாள்.

மறு வருஷம் அயர்லாந்து ரெக்ஸமுக்கு வந்தது. ஆல்மர் ஆட்டத்தை விட்டிருந்தான். சொந்தப் பெயரிலேயே நிற்கலாம் என்று ஏனோக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். போன வருஷத்தை முதலில் திருத்துங்கள், நிற்கிறேன் என்று பதில் சொன்னான். அவர்கள் திருத்தவில்லை. அவனும் நிற்கவில்லை.

ஆட்டத்துக்கு முன்னால் மகில்ராய், மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் அவனைக் கண்டுபிடித்தான்.

"வெளிய என்னடா பண்றே? உள்ள வந்து நில்லு!"

"பேரைத் திருத்தாம வரமாட்டேன்."

"லூசாடா நீ? நாடு கூப்பிடுது, நீ பேரைப் புடிச்சிக்கிட்டுத் தொங்கறே?"

"என்னைக் கூப்பிடுதுன்னா என் பேரைச் சொல்லித்தானே கூப்பிடணும்?"

மகில்ராய் தலையைச் சொறிந்தான். பிறகு உள்ளே போய் இரண்டு கோல் போட்டான். இரண்டும் ஏனோக் பிடித்திருக்கக்கூடிய பந்துகள். அவன் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வேல்ஸ் தோற்றது அவனுக்குக் கொஞ்சமும் இனிக்கவில்லை. அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

நாற்பத்தொரு வயது வரை ஊர் அணிக்கு நின்றான். ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். வாரிங் செத்தார், அடுத்தவர் வந்தார், அவருக்கும் எழுதினான். "விட்டுத் தொலையேன் ஏனோக், முப்பது வருஷம் ஆச்சு," என்றால், "முப்பது வருஷமா பொய் அச்சாகுது, அவங்களை விடச் சொல்லு," என்பான். அந்த ஒரு ஆட்டத்தில் நிற்காமல் போனதற்கு வருத்தம் உண்டா என்று கேட்டால் மட்டும் அவன் மூன்று விரல் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான்.

அவன் இறந்தபோது கெசையா கல்லறைக் கல்லில் 'ஏனோக் பெல்லிஸ், வேல்ஸ் நாட்டுக் கோல்கீப்பர்' என்று செதுக்கச் சொன்னாள். தேவாலயத்து மூப்பர்கள் கூடி வந்தார்கள். புனித மண்ணில் பந்தாட்டப் பேச்சு கூடாது என்றார்கள்.

"பொய் சொல்லாதேன்னு வேதத்துல இருக்கு. பந்து ஆடாதேன்னு எந்த அதிகாரத்துல இருக்கு? வசனத்தைக் காட்டுங்க, கல்லை நானே உடைச்சிடறேன்."

மூப்பர்கள் வேதத்தைப் புரட்டிப் பார்க்கப் போனார்கள். கல் அதற்குள் நட்டாகிவிட்டது.