டீச்சர் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்

டீச்சர் மீது திருட்டுப் புகார் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட அவர் அம்மாவின் சிநேகிதி. இருவருக்கும் ஒரே தெரு, முப்பது வயது வித்தியாசம். மன்னார்குடி கோர்ட்டுக்கு எதிரே அம்மா வைத்திருந்த டைப்பிங் கடைக்கு பென்ஷன் மனு அடிக்க வந்தவர், அம்மா அடித்த தாளில் நான்கு பிழைகளைத் திருத்தினாராம். நட்பு அப்படித் தொடங்கியது.

அன்று மாலை அம்மாவின் கடைக்கு வந்த டீச்சர் உட்காரவே இல்லை.

"ஸ்டேஷன்லேருந்து போன் வந்துச்சும்மா. நான் சாக்பீஸ் பெட்டி திருடிட்டேனாம்."

குளத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையின் கேமராவில் அவர் பதிவாகியிருந்தார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் வழக்கு.

சாக்பீஸைக்கூடத் திருடுவார்களா என்பது எனக்குப் பெரிய வியப்பு. அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்களா, வெள்ளையா கலரா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள். டீச்சர் மட்டும் பொறுப்பாக, "வெள்ளை" என்றார்.

"எடுத்தீங்களா டீச்சர்?" என்றாள் அம்மா.

"எடுத்தேன். எப்பவும்போல கடைக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். சரின்னு தலையாட்டினாரே!"

"அப்படின்னா எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

உடனே உட்கார்ந்து பதில் அடித்தாள் அம்மா. உரிமையாளரிடம் நேரில் சொல்லிவிட்டே பொருள் எடுக்கப்பட்டது. கேமராப் பதிவை முழுமையாகக் காட்ட வேண்டும். கேமரா பார்க்கும் ஆசையில் மறுநாள் நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடையில் ஏட்டு ஒருவர் காத்திருந்தார். கடைக்காரர் இளைஞர். "எங்கிட்ட யாரும் சொல்லலீங்க. பில்லும் போடல" என்று செல்போனை நீட்டினார். டீச்சர் பெட்டியைப் பைக்குள் போடும் இடம் மட்டும் அதில் இருந்தது.

"முன்னாடியிருந்து போடுங்க" என்றாள் அம்மா.

கம்ப்யூட்டர் திரையில் சத்தமில்லாமல் படம் ஓடியது. டீச்சர் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தார். வாசலருகே இருந்த பில் மேஜைக்குப் போகாமல், கடையின் உள்மூலைக்குப் போனார். அங்கே ஒரு பழைய மரநாற்காலி காலியாகக் கிடந்தது. அதன்முன் நின்று பெட்டியைத் தூக்கிக் காட்டினார். ஏதோ சொன்னார். பதிலைக் கேட்பதுபோல் சற்று நின்றார், சிரித்தார், பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் துள்ளிவிட்டேன். "பாத்தீங்களா! சொல்றாங்க! சொல்லிட்டுத்தான் எடுக்குறாங்க!"

கடைக்காரர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார்.

"அது எங்கப்பா உக்கார்ற சேருங்க. டீச்சர் வேலையில இருந்தப்போ ஸ்கூலுக்கு வேணுங்கறத எல்லாம் அவர்கிட்டதான் சொல்லி எடுப்பாங்க, அவரு கணக்குல எழுதிக்குவாரு" என்றவர், குரலைத் தாழ்த்தி, "அப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

இன்னொரு தடவை போடச் சொன்னார் டீச்சர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேறு யாரையோ பார்ப்பதுபோல் தன்னையே பார்த்தார்.

"ஆமா," என்றார் கடைசியில். "அங்க யாருமே இல்லையே."

கடைக்காரர் ஏட்டிடம், "புகார் வேண்டாம் சார், விட்டுருங்க" என்றார். டீச்சர் நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. அம்மா அடித்துக்கொண்டு வந்த தாள் உறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

நான் சுட்டிக்காட்டியதால்தான் ஜெயித்தோம் என்று எனக்கு ஒரே பெருமை. வெளியே வந்ததும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைக்கூட அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

குளத்து மூலையில் அம்மா பழம் வாங்க நின்றாள். டீச்சர் என் கையைப் பிடித்தபடி இரண்டு தெருக்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"நம்ம தெருவுக்கு எந்தப் பக்கம் போகணும்? சொல்லு பாப்போம்."

பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று, வலது பக்கம் கையை நீட்டி, மெடிக்கல் ஷாப் தாண்டி இரண்டாவது திருப்பம் என்று விளக்கமாகவே சொன்னேன்.

"கரெக்ட்" என்றார் டீச்சர். என் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். பத்துக்குப் பத்து வாங்கிவிட்ட மிதப்பில் நான் அவரை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.