மட்டாஞ்சேரியில் நாங்கள் குடிக்காத சாயா

ஜெயசீலன் மறைந்த செய்தி வந்தபோது நான் கலூரிலிருந்து காக்கநாட்டுக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். கோவையிலிருந்து அவருடைய தங்கை அழைத்திருந்தார். "அண்ணன் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாளைக்கு மத்தியானம் அடக்கம்." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சாலையோரம் வெகு நேரம் நின்றேன்.

சிறிது நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்திகள் வரத் தொடங்கின. மார்மன் சபை என்று பலரும் அறிந்த சபையில் இளம் வயதில் மிஷனரிகளாக ஊழியம் செய்தவர்களின் குழு அது. எல்லாரும் அவருடைய சிரித்த முகத்தையும் பாட்டுக் குரலையும் பொறுமையையும் எழுதினார்கள். எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குழுவில் அவருடன் மட்டாஞ்சேரியில் ஒரே அறையில் தங்கி ஊழியம் செய்தவன் நான் ஒருவன்தான். எனக்குச் சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. வெட்கத்தோடுதான் அதைச் சொல்ல முடியும்.

எங்கள் சபையில் மிஷனரிகள் இருவர் இருவராகவே போவார்கள். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அந்தக் காலம் முழுவதும் ஒருவரை ஒருவர் 'எல்டர்' என்றே அழைப்போம். எல்டர் ஜெயசீலன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்த அன்று பேருந்து நிறுத்தத்துக்கே வந்து என் பெட்டியைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். மிளகும் இஞ்சியும் மணக்கும் பஜார் தெருவில் சைக்கிளை உருட்டியபடியே கடைப் பலகைகளில் இருந்த மலையாளத்தை எனக்காக ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். எனக்கு அந்த எழுத்து கடைசி வரை வசப்படவில்லை. அவர் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டாராம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தெருவில் துப்புரவுப் பணியாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி, அவர்களைத் தாண்டும் வரை நடந்தே வருவார். மரியாதை என்று நினைத்து நானும் இறங்குவேன். அதே ஆள், அந்தப் பணியாளர்கள் குடியிருந்த சந்துக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் "நாளைக்குப் பார்க்கலாம் எல்டர்" என்று தள்ளிப்போடுவார். அங்கே தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மலையாளம் தெரியாத எனக்கு அங்கேதான் வாய் திறந்து பேச முடியும் என்று நச்சரித்து, ஒரு நாள் அவரை அழைத்துக்கொண்டு போனேன்.

எங்களை உள்ளே அழைத்து உட்காரவைத்தவர் முருகேசன். மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழில் பேச இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் மனைவி பேச்சியம்மாள், கேட்காமலேயே இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சாயா கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் சபையில் தேயிலையும் காப்பியும் விலக்கப்பட்டவை. யார் வீட்டிலும் நாங்கள் குடிப்பதில்லை. மற்ற வீடுகளில் அதை விளக்கிச் சொல்வோம். அன்றைக்கு நான், "இல்லைங்க, நாங்க குடிக்கிறதில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பேச்சியம்மாள் உடனே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எங்களுக்கு முன் அந்த ஊரில் ஊழியம் செய்த ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்திருந்ததால், கொதிக்கவைத்த தண்ணீரை நாங்கள் கையோடு எடுத்துப் போவோம். அதையும் வேண்டாம் என்று சொல்லி, என் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவர்கள் முன்னாலேயே குடித்தேன்.

முருகேசன் என்னைப் பார்த்தார். பிறகு ஜெயசீலனைப் பார்த்தார். ஜெயசீலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாரமில்ல சாரே" என்றார் முருகேசன். பரவாயில்லை என்பதற்கு அங்கே அப்படிச் சொல்வார்கள். எழுந்து நின்று, ஆவி பறக்கும் அந்த இரண்டு தம்ளர் சாயாவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே குடித்து முடித்தார். அடுத்த வாரம் போனபோது, உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்க, "ஆள் இல்ல" என்று பேச்சியம்மாள் வாசலிலேயே சொன்னார். பிறகு நாங்கள் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை.

ஊழியம் முடிந்து அவரவர் வாழ்க்கைக்குத் திரும்பினோம். ஜெயசீலன் கோவையில் ஒரு பள்ளியில் கணக்கராகச் சேர்ந்தார். திருமணம் ஆனது, மகள் பிறந்தாள். நான் வேலை கிடைத்துக் கொச்சிக்கே வந்து கலூரில் குடியேறினேன். மட்டாஞ்சேரி அரை மணி நேரத் தொலைவுதான். வெளியூர் நண்பர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்தச் சந்துக்குப் போகத் தோன்றியதே இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, கேரளத்தில் ஊழியம் செய்த பழைய மிஷனரிகள் சிலர் என் வீட்டில் கூடினோம்; கோவையிலிருந்து ஜெயசீலனும் வந்திருந்தார். இப்படிக் கூடும்போது அவரவர் இருந்த ஊர்க் கதைகள்தான் பேச்சு. ஒருவர் ஆலுவாவில் நாய் துரத்திய கதையைச் சொன்னார். இன்னொருவர் மலையாள வார்த்தை ஒன்றைத் தப்பாகச் சொல்லி ஒரு வீட்டுப் பெரியவரிடம் திட்டு வாங்கியதைச் சொன்னார். என் முறை வந்ததும் எப்போதும் சொல்லும் சாயாக் கதையைச் சொன்னேன். சாயாவிடமிருந்து தப்பிக்க நாங்கள் பட்ட பாடு, கடைசியில் ஒரு மனிதர் எங்களுக்கு வைத்த சாயாவைச் சூடு தாங்காமல் கண்கலங்கக் கண்கலங்கக் குடித்தது என்று எழுந்து நின்று நடித்தே காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஜெயசீலன் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவர் ஏன் குடிச்சார்னு தெரியுங்களா எல்டர்?"

"வீணாகக் கூடாதுன்னு இருக்கும்" என்றேன்.

"நாம அவங்க கை பட்டதைத் தொட மாட்டோம்னு அவர் நினைச்சாருங்க. அவர் மனைவி முன்னால அந்தத் தம்ளர் அப்படியே இருக்கக் கூடாதுன்னு குடிச்சாரு. எங்கப்பா அந்த மாதிரி குடிச்சு நான் பார்த்திருக்கேன்."

அவருடைய அப்பா மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஏதோ எழுத்தர் என்று நினைத்திருந்தோம். "கூட்டுற வேலைங்க" என்றார் ஜெயசீலன். "முனிசிபாலிட்டின்னு மட்டும் சொல்லு, அதோட நிறுத்திக்கன்னு அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு. இன்னிக்கு வரைக்கும் நிறுத்திட்டுத்தான் இருந்தேன்."

யாரோ சாப்பிடலாம் என்றார்கள். நான் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் குப்பை எடுக்க வருபவருக்கென்று என் அம்மா தனியாக ஒரு தம்ளர் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஜெயசீலன், "மட்டாஞ்சேரி போலாம், வாங்க" என்றார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எதற்கு, அவர்கள் மறந்திருப்பார்கள் என்றேன். "மறந்திருந்தா நல்லதுதானுங்க. பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

வீடு அங்கேயே இருந்தது. முருகேசன் இல்லை. நெஞ்சுவலியில் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பேச்சியம்மாள் கதவருகே நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தார். எங்களை நினைவிருக்கிறதா என்று ஜெயசீலன் கேட்டார்.

"வெள்ளச் சட்டையும் கறுப்பு பேட்ஜும். அது எங்ஙனெ மறக்கும் சாரே."

ஜெயசீலன் நின்றபடியே பேசினார். சபையில் தேயிலை விலக்கு என்பதையும், யார் வீட்டிலும் குடிப்பதில்லை என்பதையும், அன்று அதை விளக்காமல் போனது தப்பு என்பதையும் சொன்னார். பேச்சியம்மாள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "தண்ணிக்கும் உண்டோ அந்தக் கட்டுப்பாடு?" என்றார்.

"இல்லக்கா."

நான் சுவரைப் பார்த்தேன். பாட்டிலை எடுத்தவன் நான். பேச வேண்டியவனும் நான்தான். ஜெயசீலன்தான் பேசினார். "எங்கப்பாவும் உங்க வீட்டுக்காரர் பார்த்த வேலைதான் பார்த்தாருங்கக்கா."

அந்த அம்மாளின் முகம் மாறியது. அதுவரை சார் என்றவர் சட்டென்று, "அப்ப உனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார்.

"தெரியும்கா. தெரிஞ்சுதான் பேசாம உக்காந்திருந்தேன். வாயத் திறந்தா நானும் அந்த ஆளுதான்னு இவருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம்."

பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் ஒரு நொடிகூடத் தாங்க முடியவில்லை.

"அந்த மனுசன் அதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசல" என்றார் பிறகு. "ஆனா அதுக்கப்புறம் யாரு வீட்டுக்கு வந்தாலும் சாயா எடுக்கட்டேன்னு கேக்க மாட்டாரு. நான் கேக்கப் போனாலும் கண்ணக் காட்டுவாரு. வேண்டாம்னு. சாவுற வரைக்கும் அப்படித்தான்." ஜெயசீலனிடம் திரும்பிச் சொன்னார்: "நீ வந்து சொன்னதால அவருக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. எனக்கு ஆகும். இரிங்க ரெண்டு பேரும்."

கப்பைக் கிழங்கும் மீன் கறியும் வைத்தார். ஜெயசீலன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தட்டில் மிச்சம் வைக்கத் துணிவில்லாமல் முழுவதையும் உண்டேன்.

கோவைக்குத் திரும்பிய ஜெயசீலன், சபையார் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தானும் எழுந்து, தன் அப்பா பார்த்த வேலையை எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். பெருமைப்படுவார் என்று நினைத்தாராம். பெரியவர் ஒரு வாரம் மகனிடம் பேசவில்லை. "அது நான் பட்டது. அத எடுத்துச் சொல்ல நீ யாரு?" என்று கேட்டாராம். ஜெயசீலன் இதை எனக்குப் போனில் சொன்னார். "அதுலயும் தப்புப் பண்ணிட்டேன் எல்டர். அவர்கிட்ட மொதல்ல கேட்டிருக்கணும்" என்றார். சரி செய்யப் போன இடத்திலும் தான் செய்த பிழையைப் பார்க்கிறவர் அவர். நாங்கள் அவரைப் பொறுமைசாலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு கொச்சிக்கு வரும்போதெல்லாம் அவர் மட்டாஞ்சேரிக்குப் போனார். பேச்சியம்மாளின் மகள் திருமணத்துக்குத் தன் அப்பாவையும் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். அவர் கூப்பிட்ட நாட்களில் நானும் போனேன். அவர் கூப்பிடாமல் நானாக ஒரு தடவைகூடப் போனதில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நானாகப் போன முதல் நாள் அவர் இறந்த நாள். போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரிலேயே போனேன். பேச்சியம்மாள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும், "நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி? நானும் வரேன்" என்றார். மறுநாள் விடிந்ததும் ரயிலேறினோம். பாலக்காடு தாண்டியதும், "பொண்ணு சின்னதில்ல?" என்று மட்டும் கேட்டார். ஜெயசீலனின் மகளைத்தான் கேட்கிறார் என்று புரிந்து தலையசைத்தேன்.

கோவையில் அன்று நல்ல கூட்டம். சபையார் பாடினார்கள். பள்ளி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஜெயசீலனின் அப்பாவோடு வேலை பார்த்துப் பழகியவர்கள் சிலர் சீருடையிலேயே வந்து ஓரமாக நின்றார்கள். பெரியவர் அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து குழிக்கு அருகே நிறுத்தினார்.

மண் போடும் நேரத்தில் பேச்சியம்மாள் பெரியவரிடம் போய், "எல்லாரும் எல்டர் எல்டர்னுதான் சொல்லுது. வீட்டுல என்ன சொல்லி விளிப்பீங்க?" என்று கேட்டார்.

"மணியான்னுதான்மா. அவங்கம்மா வெச்ச பேரு."

பேச்சியம்மாள் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். "போயிட்டு வா மணியா" என்று சொல்லிப் போட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் அவரோடு படுத்து எழுந்தவன் நான். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. என் முறை வந்தபோது அதைச் சொல்ல நாக்கு எழும்பியது. சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. மண்ணைப் போட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த பெயரிலேயே விடைகொடுத்தேன்.

போய் வாருங்கள், எல்டர்.