கைமாத்தாக ஓர் உயிர்

"விட்டுக்கொடுப்பதில் வள்ளல், பிறர் உயர்வில் தம் உயர்வைக் காண்பவர், விளையாட்டை விளையாட்டாகவே கொள்ளும் பெருந்தகை."

பார்த்தசாரதியின் இருபத்தைந்து வருட சர்வீஸைப் பாராட்டி, ஆவடி குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தார் வாசித்தளித்த வாழ்த்து மடலில் இப்படி இருந்தது. எல்லோருக்கும் ஒரே மடல்தான், பெயரை மட்டும் மாற்றுவார்கள் என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும், அவரைத் தவிர. கண்ணாடி போட்டு டி.வி.க்கு மேலே மாட்டியிருந்தார்.

அந்த மடலுக்குக் கீழே உட்கார்ந்துதான் அவருடைய மைத்துனன் கங்காதரன் வீடியோ கேம் ஆடுவான். ஐ.டி.ஐ. முடித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு கம்பெனிகள் மூடியபோது இரண்டிலும் இருந்தவன். அக்கா புஷ்பாவின் வீட்டில் ரேஷன் வரிசை, காஸ் சிலிண்டர், தண்ணீர் லாரி, மாவு மில் எல்லாம் அவன் பொறுப்பு. பார்த்தசாரதி அவனைத் "தண்டச்சோறு" என்று கூப்பிடும்போது பெரும்பாலும் அவன் கையில் ஒரு குடம் இருக்கும்.

அவனுக்குக் கைவந்த கேசட் ஒன்றே ஒன்று. அதற்குக் குவார்ட்டர்ஸ் வைத்த பெயர் 'ரெண்டு பட்டாளத்தான்'. இரண்டு சிப்பாய்கள் காடு, அருவி, பனிமலை என்று சுட்டுக்கொண்டே போய்க் கடைசிக் கோட்டையைத் தகர்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று உயிர். நன்றாக ஆடினால் நடுவில் கூடுதலாகக் கிடைக்கும். அதில் ஒரு சலுகையும் இருந்தது. உயிரெல்லாம் தீர்ந்தவன் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால், கூட்டாளியின் சேமிப்பிலிருந்து ஓர் உயிர் இவனுக்கு வந்துவிடும். கூட்டாளியின் சம்மதம் தேவையில்லை. திருப்பித் தர வழியும் இல்லை. ஆனாலும் அதற்குக் 'கைமாத்து' என்றுதான் பெயர்.

பார்த்தசாரதி முதல் அருவியிலேயே மூன்றையும் தொலைத்துவிட்டு, "மாப்ளே, கைமாத்தா ஒண்ணு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் எடுத்திருப்பார்.

தொண்ணூற்றாறில், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் கேம் கடை வைத்திருந்த ரகுநாதன் சிங்கப்பூரிலிருந்து புது மெஷின் வரவழைத்தார். பழைய கேசட்டை ஒரு கட்டையில் செருகி, அந்தக் கட்டையை மெஷினில் செருகினால் ஆடலாம். ஆனால் பழைய மெஷினில் சாவகாசமாக நடந்த சிப்பாய், புதியதில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடினான். பாட்டு கீச்சிட்டது. கடைக்கு வந்தவர்கள் அருவியில் செத்துவிட்டு, மெஷின் ரிப்பேர் என்று சொல்லிப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகுநாதன் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா தம்பி, ஒரு கண்டினியூ கூடப் போடாம கோட்டைய முடிப்பியாமே. இதுல முடிச்சிக் காட்டு. நாளைக்கே கடைக்கி வந்துடு. ஜனங்கோ உன்னப் பாத்தாச்சும் நம்பட்டும், பழைய கேசட்டு இதுலயும் ஓடும்னு. பின்னால ஒரு ரூமு கீது, நீயே வச்சிக்க."

சம்பளத்தைப் பற்றி அவர் மேலே சொன்னது எதுவும் கங்காதரன் காதில் விழவில்லை. மாமாவும் அக்காவும் டி.வி.யை நிறுத்திய பிறகே ஹாலில் பாய் விரித்துப் பழகியவனுக்கு ரூம் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

புஷ்பா காபி கொடுத்துவிட்டு, "அப்போ தண்ணி லாரிக்கு யார் நிக்கிறது?" என்று கேட்டாள். தம்பி மேல் பிரியமுள்ளவள்தான். கேள்வியும் நியாயமானதே. பார்த்தசாரதி அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

காபியைக் குடித்து முடித்து இரண்டாவது கன்ட்ரோலைக் கையில் எடுத்தார்.

"இன்னிக்கு மட்டும் வேணாம் மாமா."

"ஏண்டா, உனக்குத் துணைக்குத்தானே உக்கார்றேன். வந்தவங்க முன்னால மாமன எந்திரிக்கச் சொல்றியா?"

"ஆடட்டும்பா," என்றார் ரகுநாதன். "பெரிய மன்சன் ஆசைப்படுறாரு."

அருவியில் கங்காதரன் ஓர் உயிரை இழந்தான். பார்த்தசாரதி வழக்கம்போல மூன்றையும் இழந்தார். அதன் பிறகு கங்காதரனின் கட்டைவிரல்கள் புது வேகத்தைப் பிடித்துக்கொண்டன. குதிக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னாலேயே குதித்தான். உயிர்கள் சேர்ந்தன. சேரச் சேரக் கைமாத்தாகப் போயின.

"சார், நீ புள்ளைய திவாலாக்கிடுவ," என்று ரகுநாதன் சிரித்தார்.

பனிமலை தாண்டிக் கோட்டை வாசல் வந்தது. கங்காதரனிடம் திரையில் ஓர் உயிர், சேமிப்பில் ஓர் உயிர். பார்த்தசாரதியிடம் எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ராட்சதன் இந்தத் தடவை எந்தப் பக்கம் சுடுவான் என்று தெரிந்துகொள்ளவே ஒன்றைக் கொடுத்தாக வேண்டும்.

"மாமா, இங்க மட்டும் எடுக்காதீங்க. எனக்கு இது வேணும்."

"சேச்சே, நான் எதுக்குடா எடுக்கப்போறேன்."

கங்காதரன் உள்ளே நுழைந்தான். பக்கத்தில் இரண்டு பட்டன்கள் சேர்ந்து அமுங்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். பார்த்த நேரத்துக்குள் குண்டு பட்டுவிட்டது. திரையில் மாமாவின் சிப்பாய் மட்டும் நின்றான்.

"இன்னா சார் இப்டிப் பண்ட்ட," என்றார் ரகுநாதன். "செரி, தம்பி தனியா இன்னொரு தபா ஆடட்டும்."

"வேண்டாங்க. இவனுக்குக் கடைசில கை நடுங்கும். எஸ்டேட்ல ரெண்டு எடத்துலயும் அதனாலதான் நிறுத்திட்டாங்க. பாவம், நாங்க வெளில சொல்றதில்ல."

கங்காதரன் வாயைத் திறந்தான். கையில் கன்ட்ரோல் நடுங்கிக்கொண்டிருந்தது. ரகுநாதன் அதைத்தான் பார்த்தார்.

"கடைல நாலு பேர் எதுர்ல நடுங்கினா என் மெஷினுக்குத்தான் கெட்ட பேரு," என்று ஒயரைச் சுற்றப் போனார்.

"இருங்க, எனக்கு இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் பார்த்தசாரதி.

மறுநாள் காலையில் தண்ணீர் லாரி வந்தபோது வரிசையில் முதல் குடம் கங்காதரனுடையது.

பார்த்தசாரதி செய்தது இது: மைத்துனன் கேட்டுக்கொண்ட பிறகும் அவனுடைய கடைசி உயிரை எடுத்தார். அதை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து, குழியில் விழுந்தார்.