டேங்குக்குள் இன்னொரு சேவல்

பழைய பைக்கின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வாசலில் ஒரு சாக்கின் மேல் வைத்து, ஸ்ப்ரே டப்பாவால் நானே சிவப்பு அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், அரியலூர் ரோட்டில் போகிற சிமென்ட் லாரிகளின் தூசு மொத்தமும் அதில்தான் ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். தூசு போனது; கூடவே பளபளப்பும் போய் டேங்க் வெளுத்துவிட்டது.

"இருந்ததையும் கெடுத்துட்டீங்களே" என்றாள் மனைவி.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாலீஷைத் துணியில் தொட்டு, கை கழன்று விழுகிற மாதிரி தேய்த்தேன். சிவப்பு மெல்ல மேலே வந்தது. அதில் என் முகம் தெரிந்தது, மூக்கு முடி உட்பட! வாசலிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது எங்கள் சேவல் வந்தது. டேங்குக்குள் இன்னொரு சேவலைக் கண்டதும் கழுத்தைச் சிலிர்த்துப் பாய்ந்து, கொத்திப் பிறாண்டித் தள்ளியது. அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்பதால் அடித்து விரட்டவும் முடியாது. "போதும் சாமி, வுட்டுடு சாமி" என்று கெஞ்சினேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்த மனைவி கீறல்களைப் பார்த்தாள், இன்னும் டேங்கையே முறைத்துக்கொண்டிருந்த சேவலையும் பார்த்தாள்.

"அதுவே நெசம்னு நம்பிடுச்சுன்னா, நல்லாத்தாங்க பாலீஷ் போட்டுருக்கீங்க."