வெளிச்சவீட்டுக்குப் பின்னால் நின்ற பனை

முல்லைத்தீவு வெளிச்சவீட்டின் இரும்பு ஏணியில் காதை வைத்தால் காற்று உறுமுவது கேட்கும். கன்னத்தில் துரு ஒட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல்களுக்காகக் கட்டிய அதன் காலடியில், ஐம்பதுகளில் நாங்கள் வலை காயப்போட்டோம், கருவாடு பரப்பினோம். "இரவிலை அது கப்பல்காரனுக்கு, பகலிலை எங்களுக்கு" என்பார் சித்தப்பா. அது பகிடியில்லை. கரைக்கு முன்னால் கடலுக்குள் மறைந்து கிடந்த கற்பாறைத் திட்டை "பார்" என்போம். அதில் ஒரேயொரு இடைவெளிதான் உண்டு. வெளிச்சவீடும், அதற்குப் பின்னால் எங்கள் வளவில் நின்ற நெட்டைப் பனையும் ஒரே கோட்டில் தெரியும்படி வள்ளத்தை ஓட்டினால் அதற்குள்ளால் பத்திரமாக வந்துவிடலாம். கடலுக்குப் போகும் ஆண்களுக்கெல்லாம் இந்தக் குறி தெரியும். வீட்டுப் பெண்களிடம் யாரும் சொன்னதில்லை.

ஒரு வருடம் ஐயாவும் சித்தப்பாவும் கொக்கிளாய்ப் பக்கம் கரையில் "வாடி" என்னும் குடில் போட்டு ஒரு மாதம் தங்கித் தொழில் செய்தார்கள். அந்த இடைக்குள் ஒரு மழைக்குக் குசினிக் கூரை இறங்கிவிட, அவர்கள் வருமுன் புதுக்கூரை போட்டுவிட வேண்டுமென்று அம்மா ஆள்பிடித்து அந்தப் பனையைத் தறிப்பித்து, கூரை தாங்கும் சிலாகை போடுவித்தார். ஐயா மெச்சுவார் என்று சிரித்த முகமாகவே திரிந்தார்.

நல்ல வெயிலில் அவர்கள் திரும்பினார்கள். வெளிச்சவீட்டுக்குப் பின்னால் தெரிந்த வேறொரு பனையை எங்கள் பனையென்று எண்ணி வந்த வள்ளம் பாரில் அடித்துப் பிளந்தது. ஐயா நீந்திக் கரையேறினார். சித்தப்பாவை மறுநாள்தான் கரையில் கண்டெடுத்தார்கள். நான் அழுததாக நினைவில்லை. அன்று சாப்பிட்டேனா என்பதும் நினைவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகுதான் ஐயா வளவில் பனங்குற்றியைக் கண்டார். பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். குறியைப் பற்றி எனக்குச் சொல்லிவிட்டு, "கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை. நீரோட்டம் இழுத்ததெண்டு சொல்லு" என்றார். அம்மாவிடமும் அவர் அப்படித்தான் சொன்னார். அதன்பின் அந்தக் கூரையின் கீழ் அம்மா சமைத்தார், நாங்கள் சாப்பிட்டோம். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இன்று அந்த வெளிச்சவீடு இல்லை, போரில் போயிற்று. எங்கள் வீடும் போயிற்று. ஐயா அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். கடைசிக் காலத்தில் என்னோடிருந்த அம்மா ஒருநாள் சித்தப்பாவின் கதையை எடுத்தார். நான் வழக்கம்போல நீரோட்டம் என்றேன்.

"ஓம், கொப்பரும் சாகுமட்டும் அப்பிடித்தான் சொன்னவர், பாவம்" என்றார் அம்மா. "பனையைத் தறிப்பிச்சது நான் பிள்ளை."