குப்பைத்தொட்டிக் குலம்

ஹெக்டர் கில்ரூத்துக்கு வயது ஐம்பத்தொன்று. தொழில், கிர்க்டன் ஊர்க் குப்பை லாரி. வியாதி, குலப்பெருமை. ஸ்காட்லாந்தில் இந்த வியாதி இல்லாதவன் கிடையாது. கனடாவுக்குக் குடிபோய்ப் பல் பிடுங்குகிறவன்கூட ஆகஸ்ட் வந்தால் இடுப்பில் தன் குலத்துக்கென்று உள்ள கட்டம்போட்ட கில்ட் பாவாடையைச் சுற்றிக்கொண்டு, தன் பாட்டன் மாடு திருடிய மலையைப் பார்த்து அழ வந்துவிடுவான். அந்தக் குலக்கட்டங்களில் பாதி, துணி வியாபாரிகள் பெயர் ஒட்டி விற்றது என்று சொன்னால் அடிக்க வருவார்கள்.

கில்ரூத் என்ற பெயருக்கோ கட்டமே இல்லை. கில்ட் கடைக்காரி கட்டப் புத்தகம் முழுக்கப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஊர் விளையாட்டு விழாவில் ஒவ்வொரு குலமும் தன் கட்டத்தை உடுத்தி அணிவகுக்கும். ஹெக்டர் இருபது வருஷமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, கடைசியில் அவர்கள் போட்ட காகிதத் தட்டுகளைப் பொறுக்குவார். ஒரு தடவையாவது உள்ளே நடக்க வேண்டும். மனுஷனுக்கு அவ்வளவுதான் ஆசை.

நான் பக்கத்து வீடு. பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியிருந்த நேரம். ‘கில்ரூத் குலத்தின் தொலைந்த கட்டம் கிடைத்தது’ என்று ஒரு கடிதம் எழுதி, தேநீரில் நனைத்துக் காயவைத்து, அவர் கதவிடுக்கில் போட்டேன். கூடவே படம்: பச்சை, பழுப்பு, சாம்பல், நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடு. முதல் மூன்றும் எங்கள் வாசல் குப்பைத்தொட்டிகளின் நிறம். ஆரஞ்சு அவருடைய வேலைச்சட்டை. மறுநாளே கண்டுபிடித்துக் கத்துவார் என்றிருந்தேன்.

எட்டு கெஜம் நெய்யக் கொடுத்துவிட்டார்!

"பச்சை எங்க பள்ளத்தாக்கு. பழுப்பு மண்ணு. சாம்பல் மூடுபனி," என்று எனக்கே பாடம் நடத்தினார்.

"ஆரஞ்சு, மாமா?"

"ரத்தம். பழசுல்ல, வெளிறிப்போச்சு."

மிச்சத்துணியைக் கழுத்துக்குச் சுற்றிக்கொள்ளச் சொல்லி எனக்கே கொடுத்தார். நான் அதில் சைக்கிள் செயினைத் துடைத்தேன்.

விழாவன்று, அவர் தடுக்கி விழுவதைப் பார்க்கத்தான் போனேன். மைதான வாசலில் குலங்களின் பட்டியலோடு விழாக்காரி மிஸஸ் ஆர்பத்நாட். ஹெக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். அவரோடு லாரியில் போகும் வாட்டி வேலியிலிருந்து கத்தினான்:

"டேய் ஹெக்டர்! நம்ம தொட்டியயே இடுப்புல சுத்திட்டு வந்திருக்கியேடா!"

கூட்டம் சிரித்தது. ஹெக்டர் குனிந்து, ஒவ்வொரு நிறமாகப் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் ஒத்த ஆளு குலமாகாதுங்க. ரெண்டு பேராவது வேணும்," என்றாள் மிஸஸ் ஆர்பத்நாட்.

அவர் திரும்பினார். "வாட்டி, குப்பை பொறுக்குற இடுக்கி எங்க இருக்கு?"

குரலில் கோபமே இல்லை. கத்தித் தொலைத்திருக்கலாம்.

சைக்கிள் கூடையிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெண்டு பேர் இருக்கோம்."

"நீ கில்ரூத்தா?"

"பின்ன? எங்க மாமாங்க."

அவள் முனகிக்கொண்டே எழுதினாள். முன்னால் பைப் வாத்தியம் கிளம்பியது. நடந்தோம். ஹெக்டர் மாமா முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

"கழுத்துல என்னடி கறுப்பா ஒரு கோடு? கடுதாசில அது இல்லையே."

"இப்பத்தான் கண்டுபிடிச்சாங்க, மாமா."

"ம். எழுத்துப்பிழை இல்லாம எழுதச் சொல்லு அவங்கள."